லேபிள் மேல் வைத்த பொட்டு

கமலாட்சிக்குப் பொட்டு வைக்காமல் எந்தப் பொருளையும் புழங்க வராது. தையல் மிஷினோ, மின்விசிறியோ, ஓட்டை டார்ச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்கிய புது டார்ச்சோ, வீட்டுக்குள் எது நுழைந்தாலும் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவாள். அதற்குப் பிறகுதான் அது அவள் வீட்டுப் பொருள். துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த பாட்டன் காலத்திலிருந்து அந்தக் குடும்பம் ரங்கூனை விட்டு நகரவில்லை, இந்தப் பழக்கமும் நகரவில்லை. புருஷன் மாரிச்சாமி இருந்தவரை, "ஒரு நாளைக்கு எனக்கும் பொட்டு வெச்சுச் சூடம் காட்டிடப் போற" என்று கேலி செய்வார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு கேலி செய்ய ஆள் இல்லை.

ரங்கூனின் பபேடான் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவள் தையல் தைக்கிறாள். பர்மியப் பெண்களின் சட்டை, தமிழ்ப் பெண்களின் ரவிக்கை, பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் வரும். கிராக்கிகளுக்கு மூன்று மாடி ஏற முடியாது. அதனால் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழே கிளிப், மேலே மணி. துணியை மாட்டிக் கயிற்றை ஒரு இழு இழுத்தால் மேலே மணி அடிக்கும்.

இரண்டாம் மாடியில் ஃபக்ருன்னிசா. டீக்கடைகளுக்குச் சமோசா போட்டுக் கொடுப்பவள். கமலாட்சி அவளை நிசா என்பாள், அவள் கமலாக்கா என்பாள். நிசாவின் ஒரே மகள் இக்ரா. குழந்தையாக இருந்தபோது போட்ட கவுனிலிருந்து கல்லூரிச் சட்டை வரை அவள் உடம்பில் ஏறிய துணியெல்லாம் கமலாட்சி தைத்ததுதான். "இக்ரா நிக்காஹ் உடுப்பை வேற யாராவது தைச்சா கையை ஒடிச்சிருவேன்" என்று பல வருஷமாகவே மிரட்டி வைத்திருந்தாள்.

கரண்ட்டுதான் இரண்டு பேருக்கும் எமன். வரும்போது தெருவே "மீ லாபி!" என்று கத்தும். விளக்கு வந்தாச்சாம். கத்தி முடிப்பதற்குள் போய்விடும். மிஷின் மோட்டார் பாதித் தையலில் நின்றுவிடும். நிசா மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாவு பிசைவாள். அப்போதுதான் கடைத்தெருவில் அந்த பவர் பெட்டி வந்து இறங்கியது. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏற்றிக்கொண்டால், இல்லாதபோது விளக்கும் மோட்டாரும் ஓடும். வாங்குகிறவர்களுக்குப் பணத்தில் ஒரு பங்கைக் கம்பெனியே திருப்பித் தருமாம்.

எப்படித் தரும் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளை வெட்டி எடுக்க வேண்டும். அசல் ரசீது, அடையாள அட்டை நகல் இரண்டையும் சேர்த்து ஊர்க்கோடி மிங்கலாடோனில் இருக்கும் கம்பெனி ஆபீசுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். கொடுக்கிற மனசு இருந்தால் கடையிலேயே குறைத்துக் கொடுத்துவிட்டுப் போகலாமே, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவானேன்? பத்துப் பேரில் எட்டுப் பேர் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கமலாட்சிக்கு அது தெரியவில்லை. நன்றாகப் பர்மியம் வாசிப்பவள் என்ற தெம்பு வேறு.

"நீயும் ஒண்ணு வாங்கு நிசா."

"கையில அவ்வளவு இல்லக்கா. நிக்காஹ் செலவு இருக்குல்ல."

"குறையறதுக்கு அந்தக் கம்மலை அடகு வை. கம்பெனிக்காரன் குடுக்குற காசு வந்ததும் மீட்டுக்கலாம். நிக்காஹ்வுக்கு முன்னாடி உன் காதுல கம்மல் இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு."

நிசாவின் உம்மா விட்டுப்போன கம்மல் அது. நிசா கொஞ்சம் தயங்கினாள். கமலாக்கா பொறுப்பு என்றதும் கழற்றிவிட்டாள்.

இரண்டு பெட்டிகளும் ஒரே ரிக்‌ஷாவில் வந்து கமலாட்சி வீட்டில் இறங்கின. மஞ்சள் கிண்ணம் தயாராக இருந்தது. அட்டைப்பெட்டியின் நட்ட நடுவில் வெள்ளையாகச் சதுரமாக ஒரு லேபிள், நெற்றி மாதிரி. அங்கேதான் மஞ்சளைப் பூசிக் குங்குமத்தை அழுத்தினாள். பிறகு நிசாவின் பெட்டியைப் பார்த்தாள்.

"உன்னதுக்கு வேணாம்ல?"

நிசா சிரித்தாள். "வைங்கக்கா. உங்க கை ராசியான கை. எனக்கென்ன வந்துச்சு."

வைத்தாள். கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாள், பிரியத்தில்.

மறுநாள் தையல் கத்தரியால் இரண்டு லேபிள்களையும் அவளே வெட்டினாள். ஈரத்துணியால் துடைத்தபோது கறுப்புக் கோடுகள் கொஞ்சம் கலங்கின, மஞ்சள் மட்டும் போகவில்லை. எண் தெரிகிறது, போதாதா என்று நினைத்தாள். ஆளுக்கொரு உறையில் போட்டு, அவரவர் போன் நம்பரை எழுதி அனுப்பிவைத்தாள்.

பதில் இல்லை. போன் செய்தால் பாட்டுப் போடுவார்கள். பாட்டு முடிந்தால் ஒரு பெண் வந்து, அடுத்த வாரம் கூப்பிடுங்கள் என்பாள். அடுத்த வாரம் வேறு பெண், அதே பாட்டு. அறிமுகம் இல்லாத அந்தப் பாட்டு கமலாட்சிக்கு மனப்பாடமாகிவிட்டது. மிஷின் மிதிக்கும்போது வாய் தானாக முணுமுணுக்கும், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். இதற்கிடையில் இக்ராவின் நிக்காஹ் உடுப்புக்குத் துணி வந்தது. நாளும் நெருங்கியது.

பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் பஸ் பிடித்து மிங்கலாடோனுக்கே போனாள். கவுண்டரில் இருந்த பர்மியப் பெண் மரியாதையான பெண்தான். தேடி எடுத்து இரண்டு லேபிள்களையும் மேஜையில் வைத்தாள்.

"ஆன்ட்டி, இதை மிஷின் படிக்கலை. மேல என்னமோ கறை. லேபிள் சேதமானா ஏத்துக்க மாட்டாங்க."

"எண்ணு தெரியுதேம்மா! பெட்டியோட அடியிலயும் அதே எண்ணு இருக்கு. தூக்கிட்டு வந்து காட்டட்டுமா?"

"லேபிள் மட்டும்தான் கணக்கு, ஆன்ட்டி. சலுகையும் போன வாரத்தோட முடிஞ்சுபோச்சு."

கமலாட்சி கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். பெண்ணைக் கோபித்து என்ன செய்வது, சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவள். லேபிளில் இருந்த மஞ்சள்தான் கமலாட்சியின் கண்ணை உறுத்தியது. தன்னுடையது போனால் போகிறது. நிசாவுடையதையும் அல்லவா தன் கையாலேயே கெடுத்திருக்கிறாள்.

வழியெல்லாம் உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தாள். படியேறும்போது கதவைத் திறந்துகொண்டு நிசா நின்றாள், வெறும் காதோடு. அதைப் பார்த்ததும் நாக்கு புரண்டுவிட்டது.

"ஏமாத்துக்காரப் பசங்க நிசா. யாருக்குமே குடுக்கலையாம். எல்லாம் பித்தலாட்டம்."

நிசா ஒரு கணம் அவளையே பார்த்தாள். "யபாதே அக்கா" என்றாள். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் தமிழர்களும் அதைத்தான் சொல்வார்கள். "வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

தலைவலி என்று சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

அன்றிலிருந்து ஓட்டம்தான். நிசாவின் கதவு சாத்தியிருக்கும் நேரம் பார்த்து இறங்குவாள். உடுப்பை மட்டும் உயிரைக் கொடுத்துத் தைத்தாள். கழுத்துக்கும் கைக்கும் ஜரிகை வைத்தாள், ஒரு தையல் கோணவில்லை. தைத்து முடித்ததைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கக் கால் வரவில்லை. பையில் போட்டுக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றில் கீழே இறக்கினாள். இரண்டாம் மாடி பால்கனியில் இக்ராவின் கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது. "ஆன்ட்டி, போட்டுக் காட்டவா?" என்று குரல் வந்தது. கமலாட்சி காது கேளாதவள் மாதிரி உள்ளே போய்விட்டாள்.

நிக்காஹ் அன்று தன்லியினில் நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். நாத்தனார் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கமலாட்சிக்கு அங்கே ஒரு வாய் இறங்கவில்லை. இந்நேரம் உடுப்பு மாட்டியிருப்பாள், இந்நேரம் பிரியாணி இறக்கியிருப்பார்கள் என்று பகல் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தாள். இக்ரா புருஷனோடு மலேசியா போனதுகூட, தெருவில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் மணி அடித்தது. துணி வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து நிசாதான் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கமலாக்கா, கிரைண்டர் வாங்கியிருக்கேன். வந்து பொட்டு வெச்சு விடுங்க. இந்தத் தடவை ஸ்டிக்கர் மேல மட்டும் வேணாம்."

கமலாட்சி குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு இறங்கினாள். படி எப்படி முடிந்தது என்றே தெரியவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"நீங்க மிங்கலாடோன் போறதுக்கு முந்தின நாளே என் போனுக்கு மெசேஜ் வந்துச்சு. இக்ராதான் வாசிச்சா. லேபிள்ல மஞ்சக் கறைன்னு. உங்களுக்கும் வந்திருக்கும், நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"தெரிஞ்சுமாடி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீங்க நொந்து போவீங்கன்னு விட்டேன். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்." நிசா கிரைண்டரின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை மெல்ல உரித்தாள். அவள் காதில் இன்னும் கம்மல் இல்லை. "கம்மல் கெடக்கட்டும்க்கா. வேற வாங்கிக்கலாம். அன்னிக்கு எல்லாரும் மாப்பிள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இக்ரா மட்டும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. உடுப்பு எப்படி இருக்குன்னு நீங்க வந்து சொல்லணுமாம்."

கமலாட்சி சிமிழைத் திறந்தாள். ஸ்டிக்கர் எங்கே இருக்கிறது என்று தேடினாள், கண் நிறைந்திருந்ததால் தெரியவில்லை. நிசாதான் அவள் விரலைப் பிடித்து, ஸ்டிக்கர் இல்லாத பக்கமாக நகர்த்தி வைத்தாள்.