ஐஸ் பெட்டிக்குக் கம்பளி

காசிமேட்டு வெயில் மண்டையைப் பிளக்கிறது. மீன் விற்கும் கஸ்தூரியக்காவின் ஐஸ் பெட்டி மட்டும் தடித்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருக்கிறது.

“கம்பளி ஏதுக்கா?” என்று கேட்கிறேன்.

“பர்மாலேர்ந்து தப்பி வந்தாரே ரஹீம் பாய், அவருக்கு வெளிநாட்டு உதவில குட்த்தது. இந்த வேக்காட்டுல போத்திக்கினு இன்னா பண்ணுவாரு? மீனுக்கு மாத்திக்கினாரு. ஐஸு கரையாம கீது.”

அதற்குள் ரஹீமே மூச்சிரைக்க ஓடி வருகிறார். “அக்கா, கம்பளி! உதவி குட்த்தவங்க வூட்ல செக் பண்ண வந்துட்டாங்க. குட்த்த பொருளு இல்லாட்டி லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்க!”

அக்கா கம்பளியை உதறித் தருகிறார். ஐஸ் தண்ணீர் என் முகத்தில் தெறிக்கிறது.

அரை மணியில் திரும்பும் ரஹீமின் தோளில் இரண்டு கம்பளி.

“ஈரக் கம்பளில படுக்கிறேன்னு பாவப்பட்டு, இன்னொண்ணு குட்த்துட்டாங்கக்கா.”

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “வஞ்சிரமா, சங்கராவா பாய்?”