கடைப் பேர் போட்ட பெட்டி

தலைவர் இருந்தார். செயலாளர் இருந்தார். பொருளாளர் இருந்தார். கூப்பிடாத இடத்துக்கும் வருகிற, வீடு விற்கிற முகவர் ஒருவர் இருந்தார். தமிழ்ப் பள்ளி ரீச்சர் இருந்தா. கோப்பை கழுவிக்கொண்டு நான். சட்டிக்கு முன்னால் அக்கா. கனடாவில், வோபர்னில் அக்காவின் பேக்கரியில் இரண்டு மேசையை ஒன்றாக இழுத்துப் போட்டு ஊர்ச் சங்கம் கூட்டம் வைத்தது. மண்டபம் என்றால் வாடகை. அக்காவின் கடையில் இடமும் சும்மா, தேத்தண்ணியும் சும்மா.

அமெரிக்காவோடு வரிச் சண்டை தொடங்கிய நேரம் அது. எல்லோருக்கும் திடீரென்று கனடாமேல் பாசம் வந்திருந்தது. இங்கே செய்ததைத்தான் வாங்க வேண்டும், பெரிய கடைகளை விட்டு எங்கள் சனத்தின் கடைகளுக்குப் போக வேண்டும் என்று தலைவர் பேசினார். நன்றாகத்தான் பேசினார். தீர்மானம் எழுதினார்கள். ரீச்சர் அதில் இரண்டு எழுத்துப்பிழை பிடித்தா. எல்லோரும் கை உயர்த்தினார்கள். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். தீர்மானம் என்றால் அப்படியே நடக்கும் என்று நம்பினேன். அடுத்த மாத விருந்துக்கு நானூறு மட்டன் ரோல்ஸ் அக்காவிடமே எடுப்பது என்று அங்கேயே முடிவானது. அக்கா முற்பணம் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காத இடத்தில்தான் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

பன்னிரண்டு வருடம் அக்காவிடம் வேலை செய்தேன். காலையில் பொரித்த ரோல்ஸ் மாலையில் மிஞ்சினால் அடுத்த நாள் தட்டில் வைக்க விடமாட்டா. உருளைக்கிழங்கைக் கையால்தான் மசிப்பா. கட்டி கிடந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பா, அவ்வளவுதான். அவவுக்கு வேறு விளம்பரம் இல்லை. வெள்ளைப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் கடைப் பேர். அந்தப் பேரை நம்பித்தான் சனம் வந்தது. அது போனால் அவவிடம் ஒன்றும் இல்லை.

விருந்தன்று காலை தலைவர் தொலைபேசி எடுத்தார். நானூறும் உருட்டி ரஸ்க் தூள் பிரட்டி வைத்திருந்தோம். பெரிய கடையில் உறைந்த ரோல்ஸ் பாதி விலைக்குக் கிடைத்ததாம், கொமிற்றி முடிவாம், அடுத்த வருடம் கட்டாயம் அக்காவிடமாம். அக்கா, "சரி அண்ணை" என்றா. எல்லாவற்றையும் பொரித்துக் காரில் ஏற்றிக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் இருக்கிற ரெக்ஸ்டேலுக்குப் போனா. அங்கே கடை வைத்திருக்கிற தமிழ்நாட்டுக்காரர் இருநூறு எடுத்தார். அந்த மனுஷன் எங்கள் சங்கம் எதிலும் இல்லை. தீர்மானம் எதற்கும் கை உயர்த்தியதும் இல்லை.

அக்கா போய் ஒரு மணித்தியாலத்தில் தலைவர் கோட்டும் சூட்டுமாக வந்து இறங்கினார். பின்னால் பொருளாளர் உறைந்த பெட்டிகளைச் சுமந்துகொண்டு வந்தார். எந்த நாட்டில் செய்தது என்று அதில் பொடி எழுத்தில் இருந்தது. கனடா இல்லை.

"தம்பி, மண்டபத்து அடுப்பு வேலை செய்யுதில்லை. உதுகளை உங்கட போறணையில ஒருக்காச் சூடாக்கித் தாரும். அக்காவுக்குச் சொல்லிப்போட்டன்."

அவர் சொல்லியிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கோட்டுப் போட்டவர் சொன்னால் செய்கிற பழக்கம் எனக்கு. சூடாக்கினேன். பொருளாளர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து அவசரப்படுத்தினார். பிறகு தலைவர் அலுமினியத் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார்.

"உப்பிடிக் கொண்டுபோனா வடிவில்லை. உங்கட பெட்டியில போட்டுத் தாருமன். எங்கட கடைதானே. உங்களுக்கும் விளம்பரம்."

போட்டுக் கொடுத்தேன். பின்னேரம் அக்கா திரும்பி வந்ததும், தலைவர் வந்து சூடாக்கிக்கொண்டு போனதாகச் சொன்னேன். "போறணையும் எங்கடதான் வேணுமாமோ" என்றா. பெட்டியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மேடையில் தலைவர், இன்றைய சிற்றுண்டி எங்கள் வோபர்ன் பேக்கரியின் கைவண்ணம் என்று அறிவித்தாராம். கை தட்டினார்களாம். தட்டிய கையால் எடுத்துக் கடித்துப் பாதியில் வைத்தார்களாம். அதன்பிறகு பிறந்தநாள் ஓடர்கள் ஒவ்வொன்றாக நின்றன. அடுத்த சித்திரையோடு அக்கா கடையைக் கொடுத்துவிட்டு மார்க்கம் நகரில் மகளோடு போய் இருக்கிறா. அந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய கடையின் கிளை. திறப்பு விழாப் படத்தில் நாடா பிடித்துக்கொண்டு தலைவர் நிற்கிறார். இன்றைக்கும் அவர்தான் தலைவர். இன்றைக்கும் அதே பேச்சுத்தான் பேசுகிறார், சனமும் கை தட்டுகிறது. அவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. கோபத்துக்கும் ஒரு தகுதி வேண்டும்.

அவரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் எனக்குச் சுகம். ஆனால் விருந்து முடிந்து வந்த திங்கட்கிழமை ஒன்று இருக்கிறது. கிழமைதோறும் ரோல்ஸ் வாங்குகிற பெண் வந்து ஒரு பாண் மட்டும் கேட்டா. ரோல்ஸ் வேண்டாமா என்று அக்கா கேட்டதற்குச் சங்கடத்தோடு சொன்னா:

"குறை நினையாதையுங்கோ அன்ரி. அண்டைக்கு உங்கட ரோல்ஸ் வாயில வைக்கேலாமக் கிடந்தது. நடுவில ஐஸ்."

"அது என்ர இல்லைப் பிள்ளை."

"உங்கட பேர் போட்ட பெட்டியிலதானே வந்தது?"

அக்கா பாணைச் சுற்றிக் கொடுத்தா. கதவு சாத்தும்வரை நின்றா. பிறகு நான் மா குழைக்கிற இடத்துக்கு வந்தா. ஏசவில்லை. ஏன் கொடுத்தாய் என்று கேட்கவும் இல்லை. தன் பேர் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று மட்டும் அவவுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"எத்தினை பெட்டி குடுத்தனி?"

முப்பத்திநாலு.