விரலுக்குத் தெரிந்த ஆறாவது பாடம்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம், காஜா பெராங்கில் ஒரு மளிகைக் கடையின் அஞ்சடியில், அந்தக் கூரையிட்ட நடைபாதையில், கூலிக்குத் தட்டச்சு அடிப்பவர் ஒருவர் இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். வழுக்கைத் தலை, காதுக்கொரு பென்சில். ஒவ்வொரு வரி அடித்து முடித்ததும், சூடான தேநீரை ஆற்றுவதுபோல விரல்களை ஊதிக்கொள்வார்.

மதராஸில் கணித முதுகலை முடித்து வந்த நான், இங்கே பல்கலைக்கழகத்தில் புள்ளியியலில் இரண்டாவது முதுகலைக்கு விண்ணப்பித்திருந்தேன். பழைய பாடங்களில் ஆறு ஒத்துப்போனால் ஒரு வருடத்தைக் கழித்துக்கொள்வார்கள். என்னிடம் இருந்தவை ஐந்து. பாட விவரங்களைத் தட்டச்சில் அனுப்ப வேண்டும். ஆகவே மூன்றாவது பாடத்தின் விவரத்தையே தலைப்பை மாற்றி, பகுதிகளை மேலும் கீழுமாகப் புரட்டி, ஆறாவதாகவும் எழுதி அவரிடம் அடிக்கக் கொடுத்தேன்.

ஆறாவதை அடிக்கும்போது அவர் பாதியில் நிறுத்தினார்.

“தங்கச்சி, இத மூணாவதுலயே அடிச்சிட்டேன் லா.”

“அது வேற பாடம், அண்ணே. உங்களுக்குக் கணக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும். சட்டையத் திருப்பிப் போட்டா புதுசாயிடுமா?”

“நீங்க அடிங்க.”

அடித்தார். ஊதவில்லை.

மூன்று பேராசிரியர்கள் கையெழுத்திட்ட பதில் வந்தது. ஆறையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மூவரில் ஒருவருக்காவது தட்டச்சுத் தெரிந்திருந்தால் எனக்கு ஒரு வருடம் போயிருக்கும்.

பட்டம் வாங்கிய பிறகும் அந்தக் கடையை எதிர்ப்பக்கமாகவே கடந்தேன். அங்கிருந்தும் என்னைப் பார்த்துவிடுவார். கை அசைக்க மாட்டார். மெதுவாக விரல்களை ஊதுவார்.