டோபி கானாவில் ஒரு கார்புரேட்டர்

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கோயம்புத்தூர் ஜங்ஷனில் ரயில் ஏறியபோது என் மடியில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா இருந்தது. எதிர் சீட்டுப் பெண்மணி பாலக்காடு வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். திறந்து காட்டினேன். உள்ளே பழைய வேட்டித்துண்டில் சுற்றிய கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் சாமான், பழைய மோட்டார் சைக்கிளின் அடுப்பங்கரை என்றேன். இட்லி என்று நினைத்தேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணபதியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை உண்டு. அங்கே பழைய வண்டிகளின் கார்புரேட்டர்களை மட்டும்தான் பார்ப்பேன். நான் தொட்டு ஓடாத வண்டி என்று ஒன்று இதுவரை இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. போன வாரம் கொச்சியிலிருந்து செல்லப்பன் என்பவர் போன் செய்தார். சைடுகார் வைத்த முந்நூற்றைம்பது சிசி வண்டி, ஸ்டார்ட் ஆகவில்லை என்றார். கார்புரேட்டரைக் கழற்றி கூரியரில் அனுப்புங்கள் என்றேன். அனுப்ப நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கொண்டுபோக ஆள் வருகிறது என்றார். போனை வைக்காமல் அதையே மறுபடி சொன்னார். அந்த வண்டிக்குப் பொருந்தும் புதுக் கார்புரேட்டர் ஒன்றை டப்பாவில் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

நூற்றுத்தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். பத்தரை மணிக்கு எர்ணாகுளம் சவுத்தில் இறங்கி, எழுபது ரூபாய் ஆட்டோவில் ஹைகோர்ட் படகுத்துறை. அங்கே பைகளைச் சோதிக்கும் இயந்திரத்தில் என் டப்பா மாட்டிக்கொண்டது. காவலர் துண்டைப் பிரித்துப் பார்த்தார். கார்புரேட்டர் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் பைக் லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர்கூடக் கொடுப்பதில்லை என்ற நெடிய புகாரை மலையாளத்தில் தொடங்கினார். பின்னால் வரிசை நீண்டது. ஏர் பில்டரை மாற்றச் சொல்லிவிட்டுப் படகு ஏறினேன்.

போர்ட் கொச்சிக்கு நாற்பது ரூபாய், குளிர்சாதனப் படகு. வலப்பக்கம் வல்லார்பாடத்தின் கன்டெய்னர் கிரேன்கள் நீல வானத்தில் நின்றன. டிசம்பர் மாதம். படகு முழுக்க வெளியூர்க்காரர்கள், எல்லோர் கையிலும் கேமரா. இறங்கி ஐம்பது ரூபாய் ஆட்டோவில் டோபி கானா.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட சலவைக் குடும்பங்களின் இடம் இது. வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி, ஒரு கல். வெளியே திறந்த வெளியில் கொடிகள். கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முறுக்குக்கு நடுவே துணியின் நுனியைச் செருகினால் எந்தக் காற்றுக்கும் அசையாது. நான் போனபோது விடுதிகளின் வெள்ளை விரிப்புகள் வரிசை வரிசையாகத் தொங்கின. நடுவில் செல்லப்பன் நின்றார். அறுபதை நெருங்கியவர், இடக்கையில் ஊன்றுகோல்.

வலது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. அதுவரை இந்த வண்டியின் சைடுகாரில்தான் மூட்டை மூட்டையாக மட்டாஞ்சேரி விடுதிகளுக்கு விரிப்பு போகும். இப்போது ஆட்டோவில் போகிறது. அவர் மனைவி சந்திரா அக்கா சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். காபிக்கடை வைத்திருக்கும் ஜோஸ் சேட்டன் வண்டியைக் கேட்கிறார். எண்ணெயை வடித்துவிட்டு, கடை வாசலில் போல்ட் போட்டு நிறுத்தப் போகிறாராம். ஆட்கள் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள.

“ஒரே சவிட்டு,” என்றார் சந்திரா அக்கா. அங்கே உதைக்குச் சவிட்டு என்று பெயர். “நாளைக்கு நாலு மணிக்கு ஜோஸ் சேட்டன் வரும். ஒரு சவிட்டுல ஸ்டார்ட் ஆச்சுன்னா வண்டி இங்க கெடக்கட்டும். ரெண்டாமத்த சவிட்டு வேணும்னா கொண்டு போகட்டும். இந்தக் கால வச்சுக்கிட்டு நின்னு நின்னு சவிட்ட நான் விடமாட்டேன்.”

செல்லப்பன் என் முகத்தைப் பார்த்தார். நான் சாயாவைக் குடித்தேன். ஒரே உதை என்பது பழைய வண்டிக்குப் பெரிய காரியம்தான். ஆனால் என்னால் முடியும் என்று எனக்குத் தெரியும்.

பழைய கார்புரேட்டரைக் கேட்டேன். தயங்கித் தயங்கி ஒரு துணியில் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் கறுத்து, குழி விழுந்து, துளைகளில் வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது. பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால் இப்படி ஆகாது. உப்புக்காற்றும் இப்படித் தின்னாது. என்ன செய்தீர்கள் என்றேன். அவர் ஊன்றுகோலைப் பார்த்தார். பதில் சந்திரா அக்காவிடமிருந்து வந்தது. வண்டி சும்மா நின்றதில் உள்ளே பெட்ரோல் பசையாக உறைந்துவிட்டதாம். மனிதர் அதைக் கழற்றி, ராத்திரி முழுக்கச் சோடாக்காரத் தொட்டியில் ஊறப்போட்டு, காலையில் மூன்று தண்ணீரில் அலசி, விரிப்புகளோடு கொடியில் செருகி உலர்த்தியிருக்கிறார். நீலம் போடாமல் விட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். அதன் உடம்பு துத்தநாகக் கலவை. காரம் அதைக் கரையான் மாதிரி அரித்துவிடும்.

“அழுக்குன்னா சோடா போடணும், வேற எனக்கென்ன தெரியும் தங்கச்சி,” என்றார் செல்லப்பன். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

மத்தியானமே வேலையைத் தொடங்கினேன். பெட்ரோல் டேப்பின் தக்கை ஊறி உப்பியிருந்தது, மாற்றினேன். டாங்கியைக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். பிளக்கைத் துடைத்து இடைவெளி பார்த்தேன். டப்பாவிலிருந்த புது கார்புரேட்டரை எடுத்து வைத்து, இரண்டு நட்டுகளையும் விரலால் இறுக்கிவிட்டுக் கை கழுவப் போனேன். வந்து உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. செல்லப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எனக்குத் திருப்தி இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் அடங்காமல் தவித்தது. அணைத்துவிட்டு மறுபடி உதைத்தால் ஏழெட்டு உதைக்குப் பிறகுதான் எழுந்தது.

எங்கேயோ காற்றை இழுக்கிறது. பட்டறையில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறேன், இங்கே சோப்புக்கா பஞ்சம். ஒரு கை நுரையை அள்ளி, எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் சேரும் இடத்தைச் சுற்றி அப்பினேன். நடுவில் நுரை சர்ரென்று உள்ளே போயிற்று. நட்டைத் தொட்டேன், அசையவில்லை. நான் விரலால் மட்டும் இறுக்கி விட்டிருந்த நட்டு.

“நான்தான் லேசா ஒரு பிடி பிடிச்சேன்,” என்றார் செல்லப்பன்.

நாற்பது வருஷமாக ஈர விரிப்பை முறுக்கிப் பிழிந்த கை. அந்த லேசான பிடியில் கார்புரேட்டரின் இரண்டு காதுகளும் வளைந்து, நடு முகம் புடைத்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோயம்புத்தூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த சாமான். இனி வண்டியைத் தொட்டால் நான் அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன் என்று உரக்கவே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, இரண்டு கைகளையும் ஊன்றுகோல் மேல் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். சின்னப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய மனிதரைப் பார்த்ததும் கோபம் வடிந்துவிட்டது.

ராத்திரி அவர்கள் வீட்டிலேயே கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை. புடைத்த முகத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்யலாம், ஆனால் தாளுக்கு அடியில் துளி மேடு பள்ளம் இல்லாத பரப்பு வேண்டும். கனமான கண்ணாடித் துண்டு கிடைக்குமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் திறக்கவில்லை. சந்திரா அக்கா உள்ளே போய், ஆறிக் கிடந்த பெரிய கரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

“இது கோணலா இருந்தா சேலை காட்டிக்கொடுத்துரும்,” என்றார்.

இரும்பு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் அடியில் வெளிச்சம் வரவில்லை. உப்புத்தாளை அதன்மேல் விரித்து, கார்புரேட்டரின் முகத்தை எட்டு போட்ட மாதிரி மெல்லத் தேய்க்க ஆரம்பித்தேன். பெட்டி நகராமல் சந்திரா அக்கா பிடித்துக்கொண்டார். இந்த வண்டி மேல் உங்களுக்கு என்ன கோபம் என்று கேட்டேன். கோபம் ஒன்றுமில்லை என்றார். கல்யாணம் ஆன வருஷம் அந்தச் சைடுகாரில்தான் கும்பளங்கிக்குக் கூட்டிப்போனாராம். ஆஸ்பத்திரியில் செல்லப்பன் வலியில் முனகியதை ராத்திரி பகலாகக் கேட்டவர் அக்காதான். அதை இன்னொரு முறை கேட்க முடியாது, அவ்வளவுதான் என்றார்.

மத்தியானத்துக்குள் முகம் சமமாகிவிட்டது. வைத்துப் பூட்டினேன், விரல் பிடியோடு ஒரு கால் சுற்று. மறுபடி நுரை அப்பினேன். நுரை நின்ற இடத்தில் நின்றது. எஞ்சின் நிதானமாக, எண்ணிவிடலாம் போல, தட்டியது. அணைத்துவிட்டு ஆறவிட்டோம்.

நாலு மணிக்கு ஜோஸ் சரக்கு ஆட்டோவோடு வந்தார். நல்ல மனிதர், எல்லோருக்கும் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜி வாங்கிவந்திருந்தார். செல்லப்பன் ஊன்றுகோலைச் சைடுகாரில் சாத்திவிட்டு வண்டியில் ஏறினார். வலது காலை உதைக்கும் கம்பிமேல் வைத்தார். முழங்கால் பாதிதான் மடங்கியது. கார்புரேட்டரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்தக் காலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அரைகுறையாக உதைத்தால் எந்த வண்டியும் எழாது. நான் உதைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“எறங்குங்க,” என்றார் சந்திரா அக்கா.

செல்லப்பன் இறங்கவில்லை. சந்திரா அக்கா அவர் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கால்மிதிமேல் ஏறினார். சைடுகார் இருப்பதால் வண்டி சாயாது. நான் சொல்லிக்கொடுக்க நெருங்கினேன், தேவைப்படவில்லை. கார்புரேட்டரின் சின்னப் பித்தானை அமுக்கி, பெட்ரோல் விரலில் ஈரமாகும்வரை காத்திருந்தார். கம்பியை மெல்ல இறக்கி, எஞ்சின் எதிர்த்து முட்டும் இடத்தைக் கண்டார். முப்பது வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஒரே சவிட்டு.

வண்டி எழுந்தது. கொடியில் கிடந்த விரிப்புகளுக்கு அப்பால் வேலை செய்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். செல்லப்பன் அழுதார், மறைக்கவில்லை. எனக்கும் கண் கலங்கியது. ஜோஸ் கைதட்டினார். வெறுங்கையோடும் போகவில்லை, காரம் தின்ற பழைய கார்புரேட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைச் சுவரில் ஒரு விளக்கு போட்டு மாட்டப் போகிறாராம்.

என்னைப் படகுத்துறைக்குச் சைடுகாரில் கொண்டுவிட்டார்கள். செல்லப்பன் ஓட்ட, பின்னால் சந்திரா அக்கா, இஸ்திரி போட்ட விரிப்பு மூட்டைமேல் நான். போகிற வழியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு விடுதிக்கு அந்த மூட்டையைக் கொடுக்க வேண்டும். சுக்கும் மிளகும் மணக்கும் குறுகிய தெரு. ஒரு லாரி குறுக்கே நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. நின்றோம். செல்லப்பன் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட, எஞ்சின் அணைந்தது.

சந்திரா அக்கா இறங்கி முன்னால் வந்தார். ஒரு சவிட்டு. எழவில்லை. சுமை இறக்கியவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். செல்லப்பன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒரு சவிட்டு. எழுந்தது.

சந்திரா அக்கா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, என் பக்கம் குனிந்தார்.

“நீங்க சவிட்ட எண்ணலியே?”

“என்னதுங்கக்கா?” என்றேன்.

லாரி நகர்ந்தது.