குளிருக்கு நான் குறித்த நேரம்

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். சுண்ணாம்புக்குளம் பால்வாடியில் நான் டீச்சர். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது கரண்டி என் கையில் ஆடத் தொடங்கியது. வெளியே நல்ல வெயில். எனக்குப் பற்கள் கிட்டின. ஒரு மணி நேரம் குளிர், பிறகு கொதிக்கும் காய்ச்சல், பிறகு புடவை நனையும் வியர்வை. மறுநாள் ஒன்றுமே இல்லை. அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடியும் வந்தது.

சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்து மலேரியா என்றார்கள். குளோரோகுயின் மாத்திரையில் எழுந்துவிட்டேன். தை மாதம் திரும்பி வந்தது. மறுபடியும் மாத்திரை, மறுபடியும் குணம். சித்திரையில் மூன்றாவது முறை.

"மாத்திரைய தூக்கிப் போட்டுட்டு இங்க வந்து நிக்கிறியா?" என்று மருந்து கொடுப்பவர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

நான் ஒன்றைக்கூட விட்டதில்லை. கோபத்தில் மாத்திரை வாங்காமலே திரும்பிவிட்டேன். அது தவறு, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஆனால் அன்றிலிருந்து, குளிர் தொடங்கும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வந்தேன்.

நோட்டில் நான்காவது குளிரை எழுதிய பிறகு, ஏரியில் மீன் பிடிக்கும் என் கணவர் ஏழுமலை, தொழிலுக்குப் போகாமல் என்னைச் சென்னைக்கு அழைத்துப் போனார். பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவர் என் நோட்டைப் புரட்டினார்.

"நாலு வாட்டியும் பகல் பன்னெண்டரைய ஒட்டியே வந்திருக்கு. யார் எழுதினது?"

"நான்தான் சார். மாத்திரையும் முழுசா சாப்பிட்டேன் சார்."

"உங்க மேல தப்பு இல்லம்மா. இது வைவாக்ஸ் வகை. ஈரல்ல தூங்கிக் கிடந்து திரும்ப எழும். நீங்க சாப்பிட்டது ரத்தத்துல இருக்கறத மட்டுந்தான் கொல்லும்."

ஆறு மாதத்தில் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். கிருமிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முற்றி இரத்த அணுக்களை உடைத்து வெளியேறுவதால்தான் குளிர் வருகிறது என்றார். அந்த நேரத்தைக் கிருமிக்கு எது சொல்கிறது? கைனேஸ் (புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டி, அதை வேலை செய்யத் தூண்டும் நொதி) என்று அவர் நினைத்தார். அதைச் சோதிக்க, குளிருக்குச் சற்று முன்பு, மருந்து படாத இரத்தம் வேண்டும். அதாவது நாளை வரை பொறுத்து, இன்னொரு முறை நான் நடுங்க வேண்டும். ஆபத்தில்லை என்றார் மருத்துவர். மறுத்தாலும் வைத்தியம் குறையாது என்றார்.

"இன்னாத்துக்கு? அவ பட்டது போதும், மாத்திரைய குடுங்க" என்றார் ஏழுமலை.

"என் ரத்தம், நான் சொல்றேன். எடுத்துக்கட்டும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அன்றிரவு தங்க இடம் விசாரிக்கப் போனார்.

மறுநாள் காலை ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். பகல் பன்னிரண்டு இருபதுக்குக் கட்டில் ஆடியது. ஏழுமலை என் கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மாலையில் அந்தப் பெண் ஓடி வந்தார். "டீச்சர், நீங்க எழுதின நேரம் பிசகல. முத்தின கிருமியா நிறைய கிடைச்சது."

நுண்ணோக்கியில் எனக்கும் காட்டினார். ஒரே அணுவுக்குள் மீன் சினைபோல் ஊதாப் புள்ளிகள் நெருங்கிக் கிடந்தன. என்னை ஆட்டி வைத்தவை இவ்வளவுதானா என்று பார்த்தேன். அவற்றின் நேரத்தைப் பிடித்தவள் நான் என்ற பெருமை அன்று வந்தது, இன்னும் போகவில்லை.

என் இரத்தம் தாங்குமா என்று சோதித்த பிறகு, பிரைமாகுயின் (ஈரலில் தங்கிய கிருமியைக் கொல்லும் மருந்து) பதினான்கு நாள் கொடுத்தார்கள். வயிறு எரிந்தது. ஒரு நாளும் விடவில்லை.

பின்னால் இரத்தம் காட்டப் போனபோது, அந்த மாணவியிடம், "அந்தக் கைனேஸ் கிடைச்சதா?" என்று கேட்டேன்.

"இருக்குன்னு தெரியுது டீச்சர். எது எந்த வேலைய தொடங்கி வைக்குதுன்னு இன்னும் தெரியல" என்றார். தெரியாததைத் தெரியாது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்தது.

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தேன். உடம்பு வெடவெடத்தது. ஏழுமலை போர்வையைத் தேடினார்.

"இன்னா, திரும்ப வந்துட்டுதா?"

சற்று நேரம் அசையாமல் நின்று உடம்பைக் கவனித்தேன். முன்பெல்லாம் குளிர் எலும்புக்குள்ளிருந்து வரும். இது தோலில்தான் இருந்தது.

"இல்ல. இது மழைக்குளிர். புடவைய மாத்தினா போயிடும்."

மாற்றினேன். போய்விட்டது.