கொங்கல மேடம் எண்ணிய தலைகள்

பறவை எண்ணிப் பிழைக்கிறவர்களிடம் ஊர் கேட்கிற முதல் கேள்வி, "எப்படி எண்ணுவீங்க?" இரண்டாவது கேள்வி, "இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?"

முதல் கேள்விக்குப் பதில் உண்டு. பத்துப் பறவையை எண்ணிக்கொண்டு, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துவைத்து, அந்த அளவாலேயே மொத்தக் கூட்டத்தையும் அளக்க வேண்டும். கல்யாணப் பந்திக்கு உலை வைக்கிறவர்கள் ஆட்களை அளப்பது மாதிரிதான். இரண்டாவது கேள்வி கொஞ்சம் வலிக்கும். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. என்னோடு திருப்பதியில் படித்தவர்களெல்லாம் அங்கே பஸ் ஏறிவிட்டார்கள். விலங்கியல் படித்த நான் மட்டும் ஒரு சிறிய அறக்கட்டளையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து, சுற்றுவட்டார ஏரிகளுக்கு வலசை வரும் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கொக்குக்குத் தெலுங்கில் கொங்க என்று பேர். அதனால் எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் நான் 'கொங்கல மேடம்'. பைனாகுலரைக் கழுத்தில் மாட்டி வெயிலில் நின்றவர் நீங்கள் என்றால், உங்களுக்கும் ஒரு பட்டம் கிடைத்திருக்கும். வெளியே சொல்ல வேண்டாம்.

எந்தக் கலை?

சந்திரகிரிப் பக்கம் ஓர் ஏரியில் நாமக்கோழிகள் வந்து இறங்கியிருந்தன. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைப் பட்டை. அதற்காகத்தான் அந்தப் பேர். நான் எண்ணிக்கொண்டிருந்தபோது, கோயில் கைங்கரியத்திலிருந்து ஓய்வுபெற்ற ஐயங்கார் ஒருவர் காலை நடை வந்தவர் பக்கத்தில் வந்து நின்றார். மூக்குவரை பாதம் இறங்கிய தென்கலை நாமம், பளிச்சென்று இருந்தது.

"என்னம்மா பாத்துண்டிருக்கே?"

"நாமக்கோழி மாமா."

"நாமமா? குடு, குடு." பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஏரியில் கோழிகள் வழக்கம்போல ஒன்றையொன்று துரத்திக் கொத்திக்கொண்டிருந்தன. நான் பாதி எண்ணியிருந்த கணக்கு மறந்தே போனது. கடைசியில் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திருப்தியாகச் சொன்னார்: "பாதம் இல்லே. வடகலைதான். அதான் இப்படி ஓயாம சண்டை போட்டுண்டிருக்கு."

பனிக்குள் ஒரு கூட்டம்

ஒப்பந்தம் முடிகிற மாதம். அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, பெங்களூரிலிருந்து அறக்கட்டளையின் பெரியவர் ஒருவர் வந்தார். அவரைப் பலமனேர் ஏரிக்குக் கூட்டிப்போனேன். மார்கழிப் பனி. எதிர்க்கரையில் ஒரு பெரிய கூட்டம் நீரில் அசைந்தது மங்கலாகத் தெரிந்தது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. "ஊசிவால் வாத்து சார். இமயமலை தாண்டி வருது. எப்படியும் அறுநூத்தைம்பது இருக்கும்" என்றேன். அவர் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்போது பனிக்குள்ளிருந்து "ஹோ... ஹோய்" என்று ஒரு குரல். கூட்டம் அப்படியே நீரைவிட்டு ஏறி, வரிசை கட்டி, பெங்களூர் சாலையை நடந்தே கடந்து எங்கள் பக்கம் வந்தது. பின்னால் நீளக் கம்போடு ஒருவர், தலையில் துண்டு. இமயமலை தாண்டி வந்த வாத்துகள் ஒவ்வொன்றாக அவர் காலைச் சுற்றி நின்றன. ஊர் ஊராக வாத்து மேய்த்துக்கொண்டு போகிறவர். பெரியவர் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடினார். எனக்குக் காது சுட்டது. என் பைனாகுலரையும் பெரியவர் கையிலிருந்த நோட்டையும் பார்த்து வாத்துக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே கண்ணு! அறுநூத்து நாப்பது. நேத்து ஒண்ண நரி தூக்கிக்கினு பூடுச்சி, அதக் கழிச்சிக்கோ."

வெளிநாட்டு அக்கம்பக்கம்

வேலை போகவில்லை. 'இனம் தப்பு, எண்ணிக்கை ஏறக்குறைய சரி' என்று எழுதிவிட்டுப் பெரியவர் போய்விட்டார்.

திருப்பதிக்கு வெளியே ஏரியை ஒட்டி ஒருவர் பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அந்த ஏரிக்குப் பட்டைத்தலை வாத்துகள் திபெத்திலிருந்து வருகின்றன என்று ஒருநாள் தெரியாத்தனமாக அவரிடம் சொல்லிவிட்டேன். மறுவாரம் சாலையில் பெரிய போர்டு: 'உங்கள் பக்கத்து வீட்டில் என்.ஆர்.ஐ. பறவைகள்!' அதை நம்பி, அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பதி ஒன்று மே மாதம் இடம் பார்க்க வந்தது. ஏரியில் முழங்கால் தண்ணீர், நாலு எருமை; கரையில் தற்செயலாக நான். பறவைகள் எங்கே என்று அந்த அம்மா கேட்டதும், பிளாட்காரர் என்னை மாட்டிவிடப் போகிறார் என்று நான் எருமைகளை எண்ண ஆரம்பித்தேன். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "உங்கள மாதிரித்தான் மேடம், லீவுக்குச் சொந்த ஊரு போயிருக்கு."

சோளக்கொல்லையில் மூன்று நாள்

சாந்திபுரத்துக்குப் பக்கத்தில் கோவிந்தசாமி என்றொருவர். தலைமுறை தலைமுறையாக ஊரார் நிலத்தில் கூலிவேலை செய்த குடும்பம். முதன்முதலாகச் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கிச் சோளம் போட்டிருந்தார். கதிர் பால் பிடித்த நேரம் பார்த்துச் சோளப்பட்சிக் கூட்டம் வந்து விழுந்தது. இளஞ்சிவப்பு உடம்பும் கறுப்புத் தலையுமாக, மைனா ஜாதி. ஒரு கூட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நான் ஜீப்பைவிட்டு இறங்கியதுமே கோவிந்தசாமி மறித்தார்.

"நீதானே கொங்கல மேடம்? உன் பட்சிங்க என் சோளத்தத் துன்னுக்கினு கீதுங்க."

அவர் காலடியில் நாலு தண்ணீர்ச் சட்டி. கையில் பூச்சிமருந்து டப்பா. எதற்கென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சட்டம், தண்டனை என்றெல்லாம் பேச வாயெடுத்தேன். கொல்லையோரம் அவர் மனைவி கதிர் போன தட்டையைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். "மூணு நாள் நானும் வந்து ஓட்டறேன். அந்த டப்பாவ மட்டும் திறக்காதீங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூணு நாளு. அப்புறம் என் இஷ்டம்" என்றார்.

வலசைப் பறவைகளை வரவேற்கச் சம்பளம் வாங்குகிறவள், மூன்று நாளும் விடியலிலிருந்து எவர்சில்வர் தட்டை அடித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி ஓடினேன். தொண்டை கட்டிப்போனது. தட்டில் பள்ளம் விழுந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கூட்டம் மொத்தமாக எழும்பி, வானத்தில் கரும்புகைபோல் ஒரு சுற்றுச் சுற்றி, கர்நாடகா பக்கம் போய்விட்டது. நான் கைதட்டினேன், வெட்கமில்லாமல். அந்தப் பக்கத்து விவசாயிகள் மன்னிக்கட்டும். பாதிக்கு மேல் சோளம் தப்பியது. கோவிந்தசாமி டப்பாவை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்கேர்ந்து வருதுங்க இதுங்க?"

"ரொம்ப தூரம்ண்ணா. ஆப்கானிஸ்தானுக்கும் அந்தாண்ட. அங்க குளிர்காலத்துல தின்ன ஒண்ணும் கிடைக்காது. பிழைக்கத்தான் இவ்வளவு தூரம் வருது."

நான் சொன்னது மனதைத் தொட்டிருக்கும் என்று காத்திருந்தேன். அவர் கூட்டம் போன மேற்குத் திசையில் கையை நீட்டினார். "எம்புள்ளயுந்தான் பொழைக்கக் குவைத்து போயிக்கிறான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அவன் எவன் கொல்லையிலயாவது பூந்து துன்னானா, கேளு!"

பதினோரு வருஷம் இந்த உத்தியோகம் பார்த்து நான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கண்டுபிடித்த ஒரே உண்மை, ஏரியில் பறவை குறைவதற்கு முதல் காரணம் அதை எண்ணுவதற்காகக் கிட்டே போன ஆள்தான் என்பது.