ஹெல்காவின் மூன்றாவது கண்ணாடி

வடகோடிக் குளிர்தேசத்து நகரமான குவோப்பியோவில் ஏரியைப் பார்த்து நிற்கும் அந்தப் பழைய நான்கு மாடிக் கட்டடத்தில், குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவியாக யாரும் ஆசைப்பட்டதில்லை. ஹெல்கா வர்த்தியைனனும் ஆசைப்படவில்லை. கூட்டத்தில் தலைவர் பெயரைக் கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் தவறி நிமிர்ந்துவிட்டாள். பதவி அப்படித்தான் வந்தது.

அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. வியாழக்கிழமை தவறாமல் பட்டாணி சூப் காய்ச்சுவாள். தலைவியானபின் கட்டடத்தையும் அந்த அடுப்பைப் போலவே பார்த்துக்கொண்டாள். கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான சவுனா என்ற நீராவிக் குளியலறையில் கரண்ட் போனாலும், கூரையில் பனி கனத்துத் தொங்கினாலும், யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வருடம் ஜன்னல்களின் மரச்சட்டம் உளுத்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். முன்பு போல இரட்டைக் கண்ணாடியா, அல்லது மூன்று கண்ணாடியா என்பதுதான் கேள்வி. மூன்று என்றால் கனம் கூட, செலவும் கூட. ஹெல்கா மூன்று கண்ணாடியின் பக்கம் நின்றாள். மூன்றாம் மாடியில் வென்லா என்ற இளம்பெண் இருந்தாள். ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். குளிர்காலம் வந்தால் ஜன்னலோரக் குளிருக்குப் பயந்து குழந்தையின் தொட்டிலை அறையின் நடுவே இழுத்துப் போட்டுவிடுவாள். அதைச் சுற்றிச் சுற்றி நடந்தே அவளுடைய குளிர்காலம் கழியும். ஹெல்கா அதைப் பார்த்திருந்தாள்.

எதிர்த்தவர் இரண்டாம் மாடி கலெர்வோ. ஏரியில் மரக்கட்டை இழுக்கும் படகை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பதே இப்போது அவருக்கு வேலை. ஏரி என்றைக்கு உறையும் என்று வருடாவருடம் கட்டடம் முழுக்கப் பந்தயம் கட்டுவார்.

“வருஷத்துல பாதி இருட்டு. மிச்சமிருக்கிற வெளிச்சத்தையும் மூணு கண்ணாடி போட்டு வடிகட்டணுமா, தலைவியம்மா?” என்றார் கூட்டத்தில்.

ஹெல்கா அங்கே வாதாடவில்லை. கண்ணாடிக் கம்பெனியிலிருந்து இரண்டு மாதிரித் துண்டுகளை வாங்கி, மூச்சிரைக்கச் சுமந்துபோய், அவர் நாற்காலிக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினாள்.

“வெளிச்சம் கொஞ்சம் குறையத்தான் செய்யுது. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க ஏரி மறையாது. மறைஞ்சா நான் தலைவியா இருக்க மாட்டேன்.”

கலெர்வோ அரைமனதாகச் சம்மதித்தார். அதுவும் சும்மா இல்லை. மாடிப்படி ஜன்னல்களில் மட்டும் பழைய இரட்டைக் கண்ணாடியே இருக்க வேண்டும், அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டார். வாக்கெடுப்பில் மூன்று ஜெயித்தது. கோடையில் வேலை முடிந்தது.

செப்டம்பரில், மேகமில்லாத ஒரு குளிர்ந்த விடியலில், கட்டடத்தின் எல்லா ஜன்னல்களும் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனித்துப் போயிருந்தன. உள்ளிருந்து துடைத்தால் போகவில்லை. ஏரியும் இல்லை, எதிர்க்கரையும் இல்லை. அன்று மாலைக்குள் சவுனாப் பலகையில் உட்கார்ந்த அத்தனை பேரும் இதையே பேசினார்கள். தலைவி நமக்குப் பாலாடை வாங்கி மாட்டியிருக்கிறாள் என்று கலெர்வோ சொன்னது கட்டடம் முழுக்கப் பரவியது. அவசரக் கூட்டம் கேட்டு அவரே கையெழுத்து வாங்கினார்.

ஹெல்கா கம்பெனிக்குப் போன் செய்தாள். அது நல்ல ஜன்னலுக்கு அடையாளம், வெயில் வந்தால் போய்விடும் என்றார்கள். விற்றவன் வேறென்ன சொல்வான் என்பார்கள், அவளுக்குத் தெரியும். அவளுக்கே முழு நம்பிக்கை இல்லை.

மறுநாள் வேலைக்குப் புறப்பட்டவள் முற்றத்தில் நின்றுவிட்டாள். வீட்டு ஜன்னல்கள் எல்லாம் மங்கியிருக்க, மாடிப்படியின் பழைய ஜன்னல்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. வென்லா அப்போதுதான் இரவு வேலை முடிந்து காரை நிறுத்தியிருந்தாள். வரிசையாக நின்ற கார்கள் எல்லாம் பனித்துளியில் நனைந்திருக்க, வென்லா காரின் முன்மூடி மட்டும் காய்ந்திருந்தது. ஹெல்கா அதன்மேல் கை வைத்தாள். சுட்டது. பிறகு மாடிப்படிக் கண்ணாடியை வெளியிலிருந்து தொட்டாள். அவ்வளவு குளிரில்லை. அதற்குப் பக்கத்திலிருந்த வீட்டு ஜன்னலைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

அடுத்த தெளிந்த விடியலில் எல்லார் கதவையும் தட்டினாள். பிளாஸ்கில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் முற்றத்தில் காத்திருந்தன. விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வென்லாவின் காரையும் அந்த இரண்டு ஜன்னல்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள், அவ்வளவுதான். கலெர்வோ மாடிப்படிக் கண்ணாடியில் நெடுநேரம் உள்ளங்கையை வைத்திருந்தார்.

“அப்போ நம்ம சூடெல்லாம் இது வழியாப் போய்க்கிட்டிருக்கு” என்றார்.

“வீட்டு ஜன்னல்ல போகல. அதான் வெளிக்கண்ணாடி குளுந்து பனிக்குது.”

இரண்டாவது கோப்பை முடிவதற்குள் வெயில் ஏறி ஜன்னல்கள் தெளிந்தன.

“ஆனா விடிகாலையில என் ஏரியைத் திருடுற” என்றார் கிழவர் விடாமல்.

“ஆமா. மறையாதுன்னு சொன்னது தப்பு. மறையுது. கூட்டத்துல விலகிக்கிறேன்.”

அவள் அதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை. சமையலறையில் உப்பு கூடிப்போனால் கூடிப்போச்சு என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். கலெர்வோ ரொட்டியைப் பிட்டபடி யோசித்தார். தான் கேட்ட கூட்டத்தைத் தானே தள்ளிப்போட்டார். ஏரி உறையட்டும், அப்புறம் பேசலாம் என்றார்.

ஏரி உறைந்தது. பிறகு மூக்குமுடி விறைக்கும் குளிர் வந்தது. முன்பெல்லாம் அந்நாட்களில் ஜன்னலின் உட்புறம் பனிப்படலம் படியும். கலெர்வோ நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கத்தியால் சுரண்டிய ஓட்டை வழியாக நின்றபடியே ஏரியைப் பார்ப்பார். அந்தக் குளிர்காலம் முழுக்க நாற்காலி ஜன்னலை விட்டு நகரவில்லை. கரையோரம் வெளுத்து, வெள்ளை மெல்ல நடுவரைக்கும் போனதை அவர் உட்கார்ந்தே பார்த்தார். வென்லாவின் தொட்டிலும் அறையின் நடுவே வராமல் ஜன்னலோரத்திலேயே இருந்தது.

ஜனவரிக் கூட்டத்தில் ஹெல்கா எழுந்து, சொன்ன சொல்படி பதவியை விடுகிறேன் என்றாள். கலெர்வோ தொண்டையைச் செருமினார்.

“மாடிப்படி ஜன்னல் முழுக்க ஐஸு. யார் வர்றாங்கன்னு தெரியல. அதுக்கு மட்டும் ரெண்டு போடச் சொன்ன முட்டாள் யாரு?”

வென்லா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அதுக்கும் மூணு போடணும். போட்டு முடிக்கிற வரைக்கும் தலைவி யாருன்னு கேளுங்க” என்றார் அவர்.

கேட்டார்கள். எல்லோரும் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்கள், கலெர்வோ உட்பட. ஹெல்கா சற்று நேரம் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இந்த முறை தெரிந்தே, நிமிர்ந்தாள்.